நாலு மணி நேரப் பயணம்: டிக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

(நெய்வேலியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்றுதான் பேசுவோம். இந்த மாதம் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பின் வரிசையில் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. "வடலூர் பஸ்ஸுலேயே உட்கார இடம் கிடைக்கல, நாம எங்க பிளேன் ஏறப் போறோம்?" என்று ஒரு அக்கா கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான்.

சரி, ஒன்று கேட்கிறோம். வீட்டுக்காரரோ, பிள்ளையோ, தம்பியோ, மருமகனோ வெளிநாட்டில் வேலை பார்க்கிற வீடு எத்தனை? கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கை! துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா என்று ஊர்ப் பெயர்களும் வருகின்றன. இப்போது இரண்டாவது கேள்வி. அந்த ஊர் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்? விமானத்தில் எத்தனை மணி நேரம்? இங்கே மணி பத்து என்றால் அங்கே மணி என்ன?

சத்தம் அடங்கிவிட்டது. வெட்கப்பட வேண்டாம். கூட்டமைப்பு நிர்வாகிகளான எங்களுக்கும் ஒரு வருடத்துக்கு முன்னால் இது தெரியாது. தெரியாமல் இருந்ததால் நம் குழுக் குடும்பம் ஒன்று பணத்தை இழந்தது. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

ஒரு தேதியால் போன பணம்

மந்தாரக்குப்பம் பக்கத்தில் உள்ள நம் குழு ஒன்றின் உறுப்பினர் அவர். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு முடித்தவன். துபாயில் வேலை கிடைத்தது. அம்மா குழுவில் 40,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். காதுத் தோட்டையும் அடகு வைத்தார். டிக்கெட் செல்போனில் வந்தது. அதில் தேதி 15 என்றும், புறப்படும் நேரம் 00:40 என்றும் போட்டிருந்தது.

பதினைந்தாம் தேதி என்று எல்லோரும் மனசில் வைத்துக்கொண்டார்கள். 14-ந்தேதி சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். 15-ந்தேதி மத்தியானம் குலதெய்வத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினார்கள். இராத்திரி ஒன்பது மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் போய் நின்றார்கள். மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்று நிம்மதியாக டிக்கெட்டைக் காட்டினார்கள். வாசலில் இருந்த காவலர் பார்த்துவிட்டு, "அம்மா, இது நேத்து ராத்திரியே போயிடுச்சும்மா" என்று சொன்னார்.

புது டிக்கெட்டுக்கு 19,000 ரூபாய் ஆயிற்று. அதை வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள். பிள்ளை பதினோரு நாள் கழித்துத்தான் போனான். அந்த டிக்கெட்டைப் படித்த மகன் பார்த்தான், அப்பா பார்த்தார், மாமா பார்த்தார். ஆனால் திட்டு விழுந்தது அம்மாவுக்குத்தான். "குழுவுல கடன் வாங்கித் தர்றேன்னு நீதானே அவசரப்பட்ட?" என்றார்களாம். அவர் மூன்று மாதம் குழுக் கூட்டத்துக்கே வரவில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அப்போது அவர் கேட்டார்: "பதினஞ்சாந்தேதின்னுதானே போட்டிருந்துது? பதினஞ்சாந்தேதிதானே போனோம்? இதுல நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டால்தான் தேதி மாறின மாதிரி. டிக்கெட்டுக்கு அப்படி இல்லை. நடு இராத்திரி பன்னிரண்டு அடித்ததுமே தேதி மாறிவிடும். 15-ந்தேதி 00:40 என்றால், 14-ந்தேதி இராத்திரி சாப்பிட்டு முடித்து, மணி பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிடம். அதாவது 14-ந்தேதி சாயங்காலமே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. சுரங்கத்துக்கு இராத்திரி ஷிப்ட் போகிறவர் 14-ந்தேதி இராத்திரி தூக்குவாளியோடு கிளம்புகிறார். வேலை பார்த்துக்கொண்டு இருக்கும்போதே தேதி 15 ஆகிவிடுகிறது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பின தேதி வேறு, வேலை முடித்த தேதி வேறு. விமானமும் அப்படித்தான். நம் ஊர்ப் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகிற விமானங்களில் பல, நடு இராத்திரிக்கும் விடியற்காலைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. அதனால் இந்தத் தப்பு யாருக்கும் நடக்கலாம். 00, 01, 02, 03 என்று நேரம் ஆரம்பித்தால், முந்தின நாள் சாயங்காலமே கிளம்பணும். இன்றைய கூட்டத்திலிருந்து வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

இனி தூரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து துபாய் வானவழியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தெரியுமா? அதுவும் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்தான். ஒன்று மேற்கே அரபிக் கடலுக்கு அந்தப் பக்கம். இன்னொன்று கிழக்கே வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம். நாம் நடுவில் தராசு முள் மாதிரி இருக்கிறோம்.

பெரிய விமானம் மேலே போன பிறகு மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பத்து கிலோமீட்டருக்கும் மேலே உயரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுதளத்தில் ஊர்ந்து போவதற்கும் நேரம் சேர்த்தால், இரண்டு ஊருக்கும் சுமார் நாலு மணி நேரம். மற்ற ஊர்களையும் சொல்கிறோம், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,600 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மஸ்கட்டும் சுமார் 2,600. தோஹா சுமார் 3,300, நாலரை மணி நேரத்துக்கு மேல். குவைத்தும் ரியாத்தும் சுமார் 3,800, ஐந்து மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். நெய்வேலியிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு என்று பஸ்ஸில் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதாவது நெய்வேலியிலிருந்து சென்னை போகிற நேரத்தை விட, சென்னையிலிருந்து துபாய் போகிற நேரம் குறைவு!

நம் தாத்தா காலத்தில் இப்படி இல்லை. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார்கள். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். ரஜூலா கப்பல், எம்.வி. சிதம்பரம் கப்பல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோயிற்று. ஒரு வாரம் இன்று நாலு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கப்பலில் போனபோது இல்லாத ஒரு குழப்பம் இதில் வந்துவிட்டது. கப்பலில் நாள் கணக்கில் மெதுவாகப் போனதால் கடிகாரமும் மெதுவாக மாறியது. விமானத்தில் நாலு மணி நேரத்துக்குள் கடிகாரமே மாறிவிடுகிறது.

பலாப்பழமும் டார்ச் லைட்டும்

மேசை மேல் ஏன் பலாப்பழம் வைத்திருக்கிறோம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் சாப்பிடலாம். முதலில் பாடம்.

இந்தப் பண்ருட்டிப் பலாதான் பூமி என்று வைத்துக்கொள்வோம். காம்பு மேலே இருக்கட்டும். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, அது நம் ஊர். வலது பக்கம் ஒரு பொட்டு, சிங்கப்பூர். இடது பக்கம் ஒரு பொட்டு, துபாய். இந்த டார்ச் லைட்டுதான் சூரியன். அதை வலது பக்கமாகப் பிடித்துக்கொண்டு, பழத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புகிறோம். முதலில் எந்தப் பொட்டு மேல் வெளிச்சம் விழுகிறது? சிங்கப்பூர். அடுத்து நம் ஊர். கடைசியில் துபாய். கிழக்கே இருக்கிறவர்களுக்கு முன்னால் விடிகிறது, மேற்கே இருக்கிறவர்களுக்குப் பின்னால் விடிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதை வைத்து ஒவ்வொரு நாடும் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகவும் ஆந்திராவில் காக்கிநாடா பக்கமாகவும் போகிற 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து நம் மணி. துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். குவைத், சவூதி, கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால்.

இங்கே முன் வரிசையில் ஒரு தங்கச்சி நல்ல கேள்வி கேட்கிறார். "ரெண்டும் ஒரே தூரம்னு சொன்னீங்க. ஒண்ணு ஒன்றரை, இன்னொண்ணு இரண்டரை எப்படி வருது?" காரணம், சூரியன் பாதிதான் தீர்மானிக்கிறது, மீதியை அரசாங்கம் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர் முன்பு நம்மை விட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-ல் கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது.

கணக்கு இவ்வளவுதான்: மேற்கே போனால் கழி, கிழக்கே போனால் கூட்டு.

டிக்கெட்டில் இருப்பது இரண்டு ஊர் மணி

இப்போது டிக்கெட்டைப் பார்ப்போம். புறப்படும் நேரம் புறப்படுகிற ஊரின் மணி. இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் மணி. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் கழித்துப் பார்த்தால் கணக்குத் தப்பாகத்தான் வரும்.

காலை 10 மணிக்குச் சென்னையில் கிளம்பி நாலு மணி நேரம் பறக்கிற விமானம் துபாயில் இறங்கும்போது, நம் வீட்டுக் கடிகாரத்தில் மத்தியானம் 2 மணி. ஒன்றரை மணி நேரம் கழித்தால் அங்கே 12:30. டிக்கெட்டில் 10:00 என்றும் 12:30 என்றும் இருக்கும். பார்க்கிறவர், "அட, இரண்டரை மணி நேரம்தான்" என்று நினைப்பார்.

அதே 10 மணிக்குச் சிங்கப்பூர் விமானம் கிளம்பினால், இறங்கும்போது நமக்கு 2 மணி. இரண்டரை மணி நேரம் கூட்டினால் அங்கே மாலை 4:30. டிக்கெட்டில் 10:00, 16:30. பார்க்கிறவர், "ஆறரை மணி நேரமா!" என்று மலைப்பார். இரண்டு விமானமும் பறந்தது நாலு மணி நேரம்தான்.

இன்னொன்று பாருங்கள். அதே 10 மணிக்குக் குவைத் விமானம் கிளம்பி ஐந்து மணி நேரம் பறந்தால் நமக்கு 3 மணி. இரண்டரை கழித்தால் அங்கே 12:30. துபாய் டிக்கெட்டிலும் 12:30, குவைத் டிக்கெட்டிலும் 12:30. குவைத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் கிட்ட அதிக தூரம். இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இது தெரியாததால் ஏற்படும் வேதனை அம்மாக்களுக்குத்தான். மகன் 12:30-க்கு இறங்கிவிடுவான் என்று நம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். மணி ஒன்றாகும், ஒன்றரை ஆகும். போன் வராது. வயிற்றைக் கலக்கும். சாமிக்கு வேண்டிக்கொள்வோம். உண்மையில் அந்த நேரத்தில் விமானம் இன்னும் வானத்தில்தான் இருக்கும். நம் கடிகாரத்தில் 2 மணிக்குத்தான் இறங்கும். பிறகு பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது, சிம் கார்டு வாங்குவது என்று ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்றரை மணி வரைக்கும் நிம்மதியாகச் சோறு சாப்பிடலாம்.

போன் பண்ணும்போதும் இதே கணக்குத்தான். நாம் காலை ஐந்தரைக்கு எழுந்து கோலம் போட்டுவிட்டு துபாயில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டால், அங்கே மணி நாலு. நாள் பூராவும் வெயிலில் வேலை பார்த்தவனின் தூக்கம் கெடும். அதே நேரத்தில் சிங்கப்பூரில் மணி எட்டு, வேலைக்குப் போயிருப்பான்.

பறக்கும் நேரமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. எதிர்க்காற்று இருந்தால் கூடும், பின்காற்று இருந்தால் குறையும். சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இது தெரியும். சில சமயம் வழியே மூடப்படும். 2025 ஜூன் 23 இராத்திரி கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியது. நிறைய விமானங்கள் திரும்பிப் போயின, வேறு ஊரில் இறங்கின. அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டால், அது எங்கே இருக்கிறது என்று விமான நிறுவனத்தில் சொல்லிவிடுவார்கள். அதனால் அந்த எண்ணை நம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளணும்.

நேர் வழியா, சுற்று வழியா?

விலை குறைவு என்று சுற்று வழி டிக்கெட் வாங்குவது உண்டு. சென்னையிலிருந்து துபாய்க்குக் கொழும்பு வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெற்கே கொழும்புக்கு 650 கிலோமீட்டர். அங்கிருந்து துபாய் சுமார் 3,300 கிலோமீட்டர். மொத்தம் 3,950. நேர் வழியை விட ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரம் வேறு. வடலூர் போக வேண்டியவர் விருத்தாசலம் போய்த் திரும்பி வருகிற மாதிரி.

சுற்று வழி தப்பில்லை. ஆனால் தெரிந்து போகணும். டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் என்று ஒரு வரி இருக்கும். நாலு மணி நேர ஊருக்கு அதில் பதினான்கு மணி நேரம் என்றிருந்தால் எங்கேயோ மாறி ஏறணும் என்று அர்த்தம். எந்த ஊரில் மாறுகிறது, எத்தனை மணி நேரம் காத்திருக்கணும், பெட்டி நேராகப் போய்ச் சேருமா, நடுவில் எடுத்து மறுபடி போடணுமா என்று கேளுங்கள். முதல்முறை போகிற பிள்ளைக்குக் கையில் கட்டுச்சோறும் கொஞ்சம் சில்லறைப் பணமும் வேண்டும்.

டிக்கெட்டில் பார்க்க வேண்டிய ஐந்து இடம்

ஒன்று, பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கணும்.

இரண்டு, ஊர். மூன்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். சென்னைக்கு எம்.ஏ.ஏ. அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி "மா" என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. திருச்சிக்கு டி.ஆர்.இசட். துபாய்க்கு டி.எக்ஸ்.பி. ஷார்ஜாவுக்கு எஸ்.எச்.ஜே. துபாயும் ஷார்ஜாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு வேறு விமான நிலையம். கூட்டிப் போக வருகிறவர் ஒரு இடத்திலும் நம் பிள்ளை வேறு இடத்திலும் நிற்கக் கூடாது.

மூன்று, தேதி. 00 முதல் 04 வரை நேரம் இருந்தால் முந்தின நாள் இராத்திரி என்று காலண்டரில் வட்டம் போடுங்கள்.

நான்கு, நேரம். ரயில்வே நேரம் மாதிரி 24 மணிக் கணக்கு. 13-க்கு மேல் இருந்தால் 12-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 16:30 என்றால் மாலை நாலரை. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் மறுநாள் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஐந்து, மொத்தப் பயண நேரமும், எத்தனை விமானம் என்பதும்.

ஏ, பி, சி, டி எழுத்துகளும் எண்களும் தெரிந்தால் போதும், இந்த ஐந்தையும் படித்துவிடலாம். வங்கிப் பாஸ்புக்கைப் படிக்கிற நமக்கு இது பெரிய கஷ்டம் இல்லை.

வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

"நாலு மணி நேரப் பயணம்தான்" என்று சொல்கிறவர்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குக் கணக்குச் சொல்கிறார்கள். நாம் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடணும்.

நெய்வேலியிலேயே என்.எல்.சி. ஓடுதளம் இருக்கிறது. 2017-ல் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் நம் ஊர்ப் பெயரும் வந்தது. ஆனால் வெளிநாட்டுக்கு அங்கிருந்து ஏற முடியாது. சென்னைக்கோ திருச்சிக்கோதான் போகணும். திருச்சி நமக்கு விருத்தாசலம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்கள் உண்டு. 2024-ல் புதிய முனையமும் வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன்னால் இரண்டு ஊர் விலையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சென்னை என்றால் கணக்கு இது. பஸ் ஐந்து மணி நேரம். இப்போது தென்மாவட்டப் பஸ்கள் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் திறந்த அந்தப் பேருந்து முனையத்தில் இறங்கி விமான நிலையம் போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே போகணும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாலேயே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பறப்பது நாலு. இறங்கி வெளியே வர ஒன்றரை. கூட்டுங்கள், பதினாலரை மணி நேரம்! அதில் வானத்தில் இருப்பது நாலு மணி நேரம்தான். மீதி பத்தரை மணி நேரமும் நாம் திட்டம் போட வேண்டிய நேரம்.

00:40 விமானம் என்றால் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். 21:40-க்கு உள்ளே இருக்கணும். இராத்திரி எட்டரைக்குக் கிளாம்பாக்கம். அப்படியென்றால் முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஆர்ச் கேட்டில் பஸ். மழைக்காலமானால் இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால்.

காகிதம் சரியில்லாமல் விமானம் ஏறாதீர்கள்

ஒரு விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. முகவர் அரசிடம் பதிவு செய்தவரா என்று ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று உச்சவரம்பு உண்டு. ரசீது கேளுங்கள்.

நம் பெண்கள் வீட்டு வேலைக்குப் போவதைப் பற்றியும் சொல்லணும். 30 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. 2016-ல் மத்திய அரசு, இப்படிப் போகிறவர்கள் அரசு ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் மூலம்தான் போகணும் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் 1978 முதல் இருக்கிற அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. "நாலு மணி நேரத்துல போயிடலாம், பிடிக்கலன்னா நாலு மணி நேரத்துல திரும்பிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாஸ்போர்ட் அடுத்தவர் கையில் மாட்டிக்கொண்டால், அந்த நாலு மணி நேரத் தூரம் நாலு வருடத் தூரம் ஆகிவிடும்.

நாம் எடுக்கப் போகும் தீர்மானம்

கூட்டமைப்பு உங்கள் முன்னால் மூன்று விஷயம் வைக்கிறது. உங்கள் குழுவில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு உள்கடன் கேட்டால், விசா, வேலை ஒப்பந்தம் இரண்டையும் குழுக் கூட்டத்தில் வைத்துப் படித்த பிறகே பணம் கொடுப்பது. டிக்கெட் வந்ததும் அதையும் கொண்டு வந்து, இரண்டு பேராவது ஐந்து இடங்களையும் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பது. மூன்றாவது, யாருக்காவது தப்பு நேர்ந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணை ஒதுங்கவிடாமல் குழுவே போய்ப் பார்ப்பது.

மூன்றாவது ஏன் என்று கேட்கலாம். நாம் முதலில் சொன்ன அந்த அக்காவுக்குக் குழு தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. மகன் அனுப்புகிற பணத்தில் கடன் அடைந்துகொண்டு வருகிறது. தோடு இன்னும் திரும்பவில்லை, சீக்கிரம் வரும். அவர் ஐந்தாவது வரை படித்தவர். போன மாதம் பக்கத்துத் தெரு பையனுக்குக் குவைத் டிக்கெட் வந்தது. தேதி 9, நேரம் 01:55 என்று இருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் ஒன்பதாம் தேதி என்று சொல்லிக்கொண்டு இருந்தபோது, இந்த அக்கா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டாந்தேதி சாயங்காலமே கிளம்புங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அக்கா இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாரென்று நாங்கள் சொல்ல மாட்டோம். டிக்கெட் வந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

இப்போது பலாப்பழத்தை அறுக்கலாம். எண்ணெய் யார் கொண்டு வந்தீர்கள்?